எஸ்.எஸ்.ஆர். கொலை: ஒரே வழக்கின் இரண்டு கோப்புகள்

2006 ஜனவரி 2ஆம் திகதி இரவு திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 24ஆம் திகதி காலை, அந்த மாணவர்களின் உடல்களைப் படம் பிடித்து வெளியுலகுக்குக் காட்டிய ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் (எஸ்.எஸ்.ஆர்.) அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடையில் 22 நாட்கள். இரண்டு இடங்களுக்கும் நடுவில் நடந்தே போகக்கூடிய தூரம். இருந்தும் அரச ஏடுகளில் இவை ஒன்றையொன்று அறியாத இரண்டு கோப்புகளாகவே கிடக்கின்றன. மாணவர் கொலைக்கு ஆணைக்குழு வந்தது, வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வந்தார்கள், கைதுகள் நடந்தன, வழக்கு நடந்து ஒன்றுமில்லாமல் முடிந்தது. ஊடகவியலாளர் கொலைக்கு இவற்றில் எதுவுமே வரவில்லை.

இரண்டையும் ஒரே வழக்காகப் பார்க்க மறுத்ததுதான் இரண்டும் கரைசேராமல் போனதற்கு முதற்காரணம் என்று கருதுகிறேன். சுகிர்தராஜன் மாணவர் கொலைக்கான ஆதாரத்தைத் தன் கையால் பதிவு செய்தவர். அப்படிப்பட்டவர் மூன்று வாரத்தில் கொல்லப்பட்டால், எந்தப் புலனாய்வாளரும் பழைய கோப்பைத்தான் முதலில் திறக்க வேண்டும். இங்கே புதுக் கோப்பு ஒன்று போடப்பட்டு, அது அப்படியே மூடியும் வைக்கப்பட்டது.

காந்தி சிலையடி

திருகோணமலையில் மாலை நேரத்தைக் கழிக்க இடம் தேடுகிற இளைஞர்களுக்குக் காந்தி சிலையடியும் அதை ஒட்டிய கடற்கரையும்தான் கதி. கடலை வண்டி, வடைக்காரர், பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து சாவதானமாக இறங்கி வரும் மான்கள், கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள். அன்றும் அங்கே கூடியிருந்தவர்கள் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்தை எதிர்பார்த்திருந்த வயதுப் பிள்ளைகள். மனோகரன் ரஜீகர், யோகராஜா ஹேமச்சந்திரன், லோகிதராஜா ரொகான், தங்கத்துரை சிவானந்தன், சண்முகராஜா கஜேந்திரன் ஆகிய ஐவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

நகரம் அப்போது சாதாரண நிலையில் இல்லை. 2005 மே மாதம் சந்தைக்கு அருகே, மணிக்கூட்டுக் கோபுரப் பகுதியில், இரவோடிரவாகப் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஹர்த்தால்கள், சிலையைச் சுற்றி முட்கம்பி, வீதிக்கு வீதி காவல். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கை தாளில் மட்டும் உயிரோடு இருந்தது. 2005 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, டிசம்பரில் வடக்கு கிழக்கெங்கும் படையினர் மீது தாக்குதல்கள் அடுத்தடுத்து நடந்தன. அந்த டிசம்பரின் கோபம்தான் ஜனவரி 2இல் கடற்கரைக்கு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அது ஊரின் கணிப்பு, நீதிமன்றத்தில் நிறுவப்பட்டதல்ல.

சாட்சியங்கள் சொல்லும் வரிசை இது. இரவு ஏழரை மணியளவில் பச்சை நிற முச்சக்கரவண்டி ஒன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. சிலர் காயப்பட்டார்கள். மாணவர்கள் அங்கிருந்து விலகப் பார்த்தபோது வழிகள் அடைபட்டன. சீருடையினர் வந்தார்கள், பிள்ளைகளை அடித்தார்கள். வெளிச்சம் அணைந்தது. பிறகு வெடிச்சத்தம். ரஜீகர் தான் படையினரால் சூழப்பட்டிருப்பதைத் தந்தைக்குக் கைத்தொலைபேசியில் அறிவித்திருந்தார். தந்தை மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன் ஓடி வந்தபோது சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். மகனைக் கடைசியில் அவர் கண்டது வைத்தியசாலைச் சவச்சாலையில். மகன் புலிகள் இயக்க உறுப்பினர் என்று எழுதிய தாளில் ஒப்பமிட்டால் உடலைத் தரலாம் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும், தான் மறுத்ததாகவும் அவர் பின்னர் பல இடங்களில் சாட்சியமளித்திருக்கிறார். ஐவர் இறந்தார்கள். இருவர் காயங்களோடு தப்பினார்கள்.

சவச்சாலையில் எடுக்கப்பட்ட படங்கள்

முதலில் வெளிவந்த அதிகாரபூர்வக் கதை மிகச் சுருக்கமானது: படையினரைத் தாக்கக் கொண்டுவந்த கைக்குண்டு அவர்களிடமே வெடித்துவிட்டது. செத்தவர்களே குற்றவாளிகள். விசாரணை என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுகிர்தராஜனின் படங்கள் அவர் எழுதிவந்த ‘சுடர் ஒளி’ தமிழ்ப் பத்திரிகையில் வந்ததும் இந்தக் கதை ஆட்டம் கண்டது. கைக்குண்டு வெடித்து இறந்தவரின் உடல் எப்படியிருக்கும் என்று போர்க்காலத்து ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இரும்புச் சிதறல்கள் ஒழுங்கில்லாமல் பாயும். பல அளவுகளில், பல கோணங்களில், பெரும்பாலும் உடலின் ஒரு பக்கம் முழுவதும் கிழிசல்கள் இருக்கும். கையில் இருந்தபோதே வெடித்தால் கை மிஞ்சாது. துப்பாக்கி ரவை அப்படிச் செய்வதில்லை. நுழைந்த இடம் சிறிய வட்டமாக இருக்கும். மிக அருகிலிருந்து சுட்டிருந்தால் அந்த வட்டத்தைச் சுற்றித் தோல் கருகி, வெடிமருந்துத் துகள் குத்திய புள்ளிகள் தெரியும். படங்களில் தெரிந்தவை ரவைக் காயங்கள். தலையில்.

அரச வைத்தியரின் பிரேத பரிசோதனையும் மரணத்துக்குக் காரணம் துப்பாக்கிச் சூடு என்றே சொன்னது. ஆகவே படம் இல்லாமலே உண்மை வெளிவந்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் காலத்தில் அறிக்கை என்பது அலுவலக அலுமாரியில் இருக்கும் ஒரு தாள். அது தாமதிக்கலாம், தொலையலாம், வேறு சொற்களில் மறுபடி எழுதப்படலாம். பத்தாயிரம் பேர் காலைத் தேநீரோடு பார்த்துவிட்ட படத்தை அப்படிச் செய்ய முடியாது. படம் வெளிவந்த பிறகு அந்த அறிக்கையை மாற்றி எழுதுவது யாருக்கும் சாத்தியமில்லாமல் போனது. வைத்தியரின் நேர்மைக்கு நிருபரின் படம் காவலாக நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

இதில் சட்டப் பக்கம் ஒன்றும் இருக்கிறது. நீதிமன்றத்தில் புகைப்படம் தானாகப் பேசாது. இதை எப்போது, எங்கே, எந்தக் கருவியால் எடுத்தேன், எதையும் திருத்தவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் சமகாலப் பதிவுகளை ஏற்பதற்கு வழி திறந்தபோதும், அந்தப் பதிவின் உண்மைத்தன்மையை நிறுவும் பொறுப்பு அப்படியே இருந்தது. மாணவர் கொலை வழக்கில் அந்த ஆள் சுகிர்தராஜன்தான்.

ஜனவரி 24

சுகிர்தராஜன் மட்டக்களப்பு மாவட்டத்தின் குருமண்வெளியைச் சேர்ந்தவர். பிழைப்புக்காகத் திருகோணமலைத் துறைமுக அதிகார சபையில் வேலை பார்த்தார். பத்திரிகை பகுதி நேரம். எஸ்.எஸ்.ஆர். என்ற மூன்று எழுத்தில் வாசகர்கள் அவரை அறிந்திருந்தார்கள். அன்று காலை வேலைக்குப் போக பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது சுடப்பட்டார். இடம் ஆளுநர் செயலகத்துக்கு மிக அருகில்.

அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆளுநர் செயலகம் என்பது 2006இல் எந்நேரமும் ஆயுதக் காவல் உள்ள கட்டடம். திருகோணமலை கடற்படையின் கிழக்குத் தலைமையகம் உள்ள நகரம். பொலிஸ், இராணுவம், விசேட அதிரடிப்படை எல்லாம் ஒரே நேரத்தில் நகருக்குள் இருந்தன. கடைக்குப் பாண் வாங்கப் போகிறவனிடமும் அடையாள அட்டை கேட்ட காலம் அது. அப்படிப்பட்ட நகரின் மையத்தில், காலை வெளிச்சத்தில், துப்பாக்கியோடு வந்தவர்கள் சுட்டுவிட்டு வெளியேறியிருக்கிறார்கள். ‘அடையாளம் தெரியாதோர்’ என்று மறுநாள் செய்திகள் எழுதின. எழுதிய நிருபர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. அடுத்த பஸ் நிறுத்தத்தில் அவர்கள் நிற்க வேண்டியிருந்தது.

கொலைக்கான காரணமாக ஒரே தடம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மாணவர்களின் படம் ஒன்று. கொலைக்கு முதல் நாள், ஜனவரி 23இல், திருகோணமலையில் இயங்கிய துணை ஆயுதக் குழுக்களின் அத்துமீறல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது, அது இன்னொன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் படத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள், கதை அப்போதுதான் அழகாகப் பொருந்தும். புலனாய்வுக்கு அழகு தேவையில்லை. இரண்டு தடத்தையும் பின்தொடர்ந்திருந்தால் அவை எங்கேனும் சந்திக்கின்றனவா என்று தெரிந்திருக்கும். அப்போதைய கிழக்கில் துணை ஆயுதக் குழுக்கள் எவருடைய நிழலில் நடமாடின என்பது பரகசியம்.

சாதாரணக் கொலை ஒன்றில் ஒரு பொலிஸ் பரிசோதகர் செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். சம்பவ இடத்தில் கிடைத்த வெற்று ரவைக்கூடுகளை அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவது. அந்தக் காலை அந்த வீதியில் கடமையில் இருந்தவர்களின் பெயர்ப்பட்டியலை எடுப்பது. கொல்லப்பட்டவரின் தொலைபேசிக்கு வந்த அழைப்புகளைச் சேவை நிறுவனத்திடம் கேட்பது. அவருக்கு மிரட்டல் வந்ததா என்று சக நிருபர்களிடம் வாக்குமூலம் எடுப்பது. இவை மாயவித்தை அல்ல. ஆட்டுத் திருட்டு வழக்கிலும் இதில் பாதியைச் செய்வார்கள். இந்தக் கோப்பில் இவற்றின் பலனாக ஒருவர்கூட இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

சாட்சிகள் போன திசை

சுகிர்தராஜன் கொல்லப்பட்டதன் மிகப் பெரிய விளைவு ‘சுடர் ஒளி’ அலுவலகத்தில் நிகழவில்லை. அது திருகோணமலையின் வீடுகளுக்குள் நிகழ்ந்தது. ஜனவரி 2இரவு கடற்கரையில் இருந்தவர்கள், சத்தம் கேட்டவர்கள், வண்டியைக் கண்டவர்கள் எல்லோருக்கும் ஜனவரி 24 ஒரு பதிலைத் தந்துவிட்டது. படம் பிடித்தவனுக்கே இந்த நிலை என்றால், வாய் திறப்பவனுக்கு? மருத்துவர் மனோகரன் விடாமல் பேசினார். மிரட்டல்கள் வந்தன. கடைசியில் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினார். தப்பிய மாணவர்களும் பிற குடும்பங்களும் அதே வழியில் போனார்கள்.

2006 நவம்பரில் நீதியரசர் நிஸ்ஸங்க உடலாகம தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பதினாறு பாரிய சம்பவங்கள் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. மாணவர் ஐவர் கொலை அதில் இருந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்கள் கொல்லப்பட்ட சம்பவமும் இருந்தது. திருகோணமலை மாவட்டத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட பெரும் வழக்குகள். சுகிர்தராஜன் கொலை அந்தப் பட்டியலில் இல்லை. மாணவர் கொலையை விசாரிக்கும் ஆணைக்குழு, அந்தக் கொலையின் ஆதாரத்தைப் படமெடுத்தவரின் கொலையை விசாரிக்க வேண்டியதில்லை என்று யாரோ எங்கோ தீர்மானித்தார்கள். அல்லது யாருக்கும் தோன்றவே இல்லை. இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆணைக்குழுவைக் கவனிக்க இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி. என். பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழு வந்தது. சட்டமா அதிபர் திணைக்களமே ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுவதில் உள்ள முரண், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு இல்லாமை ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிவிட்டு 2008இல் அது விலகிக்கொண்டது. அந்த ஆண்டு வெளிநாட்டில் இருந்த சாட்சிகளிடம் காணொளி வழியாகச் சாட்சியம் எடுக்கும் முயற்சி தொடங்கியது. மருத்துவர் மனோகரனும் அவ்வாறு பேசினார். பின்னர் அந்த வழியும் அடைக்கப்பட்டது. 2009இல் ஆணைக்குழுவின் ஆயுள் முடிந்தது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்க 2015 ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011இல் இந்த மாணவர் வழக்கைப் பெயர் சொல்லி, மேல்நடவடிக்கை எடுக்குமாறு பரிந்துரைத்திருந்தது.

2013 ஜூலையில் விசேட அதிரடிப்படையைச் சேர்ந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஓகஸ்டில் ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் நவநீதம்பிள்ளை வருவதாக இருந்தது. நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய உச்சிமாநாடு. ஒக்டோபரில் சந்தேகநபர்கள் பிணையில் வெளியே வந்தார்கள். இந்த நாட்காட்டியைப் பார்த்து என்ன நினைப்பது என்பதை வாசகரிடமே விடுகிறேன்.

2019 ஜூலை 3ஆம் திகதி திருகோணமலைப் பிரதம நீதவான் நீதிமன்றம், போதிய சாட்சியம் இல்லை என்று கூறிப் 13 சந்தேகநபர்களையும் விடுவித்தது. நீதவானைக் குறை சொல்வது எளிது. அது நியாயமும் அல்ல. அவர் முன் வராத சாட்சியத்தை அவர் எடைபோட முடியாது. சாட்சிகள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை அந்த நீதிமன்றத்தின் கோப்பில் இல்லை, இன்னொரு கோப்பில் இருந்தது. எஸ்.எஸ்.ஆரின் கோப்பில்.

பட்டியலில் இருந்து விழுதல்

ஊடகவியலாளர் பாதுகாப்புக் குழு என்ற நியூயோர்க் அமைப்பு 2008 முதல் ‘தண்டனையின்மைச் சுட்டி’ ஒன்றை வெளியிட்டு வந்தது. கொலை செய்யப்பட்ட ஊடகவியலாளர்களின் வழக்குகள் தீர்க்கப்படாத நாடுகளின் வரிசை. இலங்கை தொடக்கம் முதலே அதில் மேல்படிகளில் இருந்தது. 2016இல் முதல் தடவையாகப் பட்டியலிலிருந்து மறைந்தது. கொழும்பில் சிலர் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். நடந்தது வேறு. அந்தச் சுட்டி கடந்த பத்து ஆண்டுகளின் கொலைகளை மட்டும் எண்ணும். போர்க்காலக் கொலைகள் ஒவ்வொன்றாகப் பத்து வயதைத் தாண்டத் தாண்டக் கணக்கிலிருந்து உதிர்ந்தன. குற்றவாளி ஒருவரும் கூண்டில் ஏறாமலே நாட்டின் பெயர் சுத்தமானது. சுகிர்தராஜன் 2006 ஜனவரியில் கொல்லப்பட்டவர். 2016 சுட்டிக்கு அவர் காலாவதியானவர்.

அவர் தனியாளும் அல்ல. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபரில், மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே மாதத்தில், கொழும்பில் கடத்தப்பட்ட தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொல்லப்பட்டார்கள். ‘சுடர் ஒளி’யின் கொழும்பு வளாகத்தில் 2005 ஓகஸ்டில் கைக்குண்டு வீசப்பட்டுக் காவலாளி ஒருவர் இறந்தார். அதன் சகோதரப் பத்திரிகையான ‘உதயன்’ அலுவலகத்துக்குள் 2006 மே 2ஆம் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முந்திய இரவில், புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் மாண்டார்கள்.

ஜனவரி 24 என்ற திகதியிலேயே இன்னொரு பெயரும் உண்டு. கேலிச்சித்திரக் கலைஞரும் எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட 2010இல் அதே நாளில் காணாமல் ஆக்கப்பட்டார். 2009 ஜனவரி 8இல் ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொல்லப்பட்டார். ‘கறுப்பு ஜனவரி’ என்று தென்னிலங்கை ஊடக அமைப்புகள் ஆண்டுதோறும் நினைவுகூர்வது இதனால்தான். அந்தக் கூட்டங்களின் மேடையில் சுகிர்தராஜனின் படமும் வைக்கப்படுகிறது. அது நல்ல விடயம். ஆனால் வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உறுத்தும். எக்னெலிகொட வழக்கில் இராணுவப் புலனாய்வு அதிகாரிகள் மீது குற்றப்பத்திரம் தாக்கலாகி விசேட மேல் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. லசந்தவின் உடல் 2016இல் தோண்டி எடுக்கப்பட்டு மறுபடி பரிசோதிக்கப்பட்டது. 2025இல் மூன்று சந்தேகநபர்களை விடுவிக்கச் சட்டமா அதிபர் அறிவுறுத்தியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த அறிவுறுத்தல் மீளப்பெறப்பட்டது. அவையும் நீதியைத் தொடவில்லைதான். ஆயினும் அங்கே சந்தேகநபர் என்று சொல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், எதிர்த்துக் கத்த ஒரு தலைநகரம் இருக்கிறது. திருகோணமலைக் கோப்பில் விடுவிப்பதற்குக்கூட ஆள் இல்லை.

பகுதி நேரம் என்றால் என்ன

இந்த இடைவெளிக்கு இனம், இடம், அதிகாரம் எல்லாம் காரணங்கள். கூடவே யாரும் பேச விரும்பாத இன்னொன்றும் இருக்கிறது: நம் பத்திரிகைகள் பிரதேச நிருபர்களை நடத்தும் விதம்.

பிரதேச நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளிவந்த செய்திக்கும் படத்துக்கும் கணக்குப் பார்த்துச் சில்லறை. நியமனக் கடிதம் அரிது. சேமலாப நிதி, காப்புறுதி என்றால் சிரிப்பார்கள். அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அட்டைக்கு விண்ணப்பிக்க நிறுவனத்தின் கடிதம் வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கடிதம் தாமதித்தால் அந்த ஆண்டு அவர் வெறும் வழிப்போக்கர். ஆகவேதான் ஒருவர் துறைமுகத்தில், ஒருவர் பாடசாலையில், ஒருவர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே செய்தி அனுப்புகிறார்கள். சம்பளம் தரும் இடம் அரசாங்கம், ஆபத்து தரும் இடம் பத்திரிகை. ஆசிரியபீடம் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும். எழுதியவர் மட்டும் எழுதப்பட்டவரின் ஊரிலேயே, அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பார்.

2006இல் இதன் அன்றாடம் எப்படி இருந்தது என்று அந்தக் காலத்து நிருபர் எவரைக் கேட்டாலும் சொல்வார். சிறிய டிஜிட்டல் கமரா, பெரும்பாலும் இரவல். படத்தை அனுப்ப நகரில் உள்ள இணையக் கடைக்குப் போக வேண்டும்; பக்கத்துக் கதிரையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்து, ஒரு படம் ஏறி முடியும்வரை வாசலைக் கவனித்தபடி இருக்க வேண்டும். அனுப்பிய பின் கணினியில் பிரதியை அழிக்க வேண்டும். கடைக்காரருக்கும் பயம், நிருபருக்கும் பயம். சவச்சாலைப் படங்களைப் போன்ற ஒன்றை அனுப்புவது என்றால் அந்தப் பயம் எத்தனை மடங்கு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

“தம்பி, செய்தியைப் போடு, பெயரைப் போடாதே” என்பது கிழக்கில் மூத்த நிருபர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. நானும் அதைக் கேட்டிருக்கிறேன். பின்னர் பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். சரியான அறிவுரைதான். ஆனால் அதன் விலையும் சிறியதல்ல. பெயரில்லாத செய்திக்குப் பின்னால் நின்றவர் கொல்லப்பட்டால், அவர் எதை எழுதியதற்காகக் கொல்லப்பட்டார் என்பதை நிறுவுவதே கடினமாகிவிடும். எஸ்.எஸ்.ஆர். அந்த மூன்று எழுத்தையாவது விட்டுவைத்தார்.

இன்று துப்பாக்கி இல்லை, அது உண்மை. குச்சவெளிப் பக்கக் காணிப் பிரச்சினை, தொல்லியல் என்ற பெயரில் வேலி போடப்படும் இடங்கள், கன்னியா வெந்நீரூற்று, மீனவர் போராட்டம் என்று செய்திக்குப் போகிறவர்களைப் படம் எடுக்கும் சிவில் உடைக்காரர்கள் இருக்கிறார்கள். பிறகு வாக்குமூலம் தர வருமாறு கடிதமோ அழைப்போ வரும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படும் என்ற வாக்குறுதியைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அதோடு சேர்ந்துகொண்டது. இப்படி அழைக்கப்படும் நிருபர் விசாரணை அறையில் உட்காரும்போது, கொலையாளிகள் எவரும் தண்டிக்கப்படாத ஒரு பட்டியல் அவர் நினைவில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும். துப்பாக்கிக்கு இன்று தேவை இல்லாமல் போனதற்கு அந்தப் பட்டியலே போதுமான காரணம்.

சட்டத்தில் இன்னும் என்ன இருக்கிறது

கதவுகள் எல்லாம் மூடிவிட்டன என்று சொல்வது பலருக்கு வசதி. அது சரியல்ல.

முதலாவது, 2019இல் நடந்தது நிரபராதித் தீர்ப்பு அல்ல. கொலைக் குற்றத்தை நீதவான் நீதிமன்றம் இறுதியாகத் தீர்க்க முடியாது. மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதிய சாட்சியம் உண்டா என்று பார்க்கும் கட்டம்தான் அங்கே நடக்கிறது. அந்தக் கட்டத்தில் விடுவிக்கப்பட்டவர் மீது, சாட்சியம் கிடைத்தால் சட்டமா அதிபர் மீண்டும் நடவடிக்கை எடுக்கலாம்.

இரண்டாவது, சாட்சிகள் வெளிநாட்டில் இருப்பது இனிச் சாக்கு அல்ல. 2015இல் பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2017 திருத்தத்தோடு வெளிநாட்டிலுள்ள இலங்கைத் தூதரகங்களிலிருந்து காணொளி வழியாகச் சாட்சியமளிக்க இடம் கிடைத்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்துவிட்டது. இலங்கைத் தூதரகத்துக்குள் போய், இலங்கை அதிகாரிகள் முன்னிலையில், இலங்கைப் படையினருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி நாட்டை விட்டு ஓடியவரிடம் கேட்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. வேறு பாதுகாப்பான இடத்துக்கு ஏற்பாடு செய்வது முடியாத காரியம் அல்ல, மனம் வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டு நீதிமன்றங்கள். நிமலராஜன் கொலை தொடர்பாக 2022 பெப்ரவரியில் இங்கிலாந்தின் நோதாம்ப்டன்ஷயரில் ஒருவர் கைது செய்யப்பட்டார். லண்டன் பெருநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு அதைச் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இலங்கையில் அந்த வழக்கின் சந்தேகநபர்கள் விடுவிக்கப்பட்டிருந்தார்கள். இங்கே மூடிய கோப்பை அங்கே திறக்கலாம் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம், முடிவு என்னவாக இருந்தாலும். திருகோணமலைச் சாட்சிகளில் பலர் வாழ்வதும் அந்த நாடுகளில்தான்.

நான்காவது, காலக்கெடு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு தெளிவானது: கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் வழக்குத் தொடரக் கால எல்லை இல்லை, வேறு குற்றங்களுக்கு 20 ஆண்டுகள். 2006 ஜனவரி 24இலிருந்து எண்ணினால் 2026 ஜனவரியில் அந்த 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆதாரத்தை மறைத்தவர், பொய்த் தகவல் கொடுத்துக் குற்றவாளியைக் காப்பாற்றியவர், கடமைப் பதிவேட்டைத் திருத்தியவர் என்று யாரேனும் இருந்தால், அவர்களைத் தனிக் குற்றங்களுக்காகக் கூண்டில் ஏற்றும் வாய்ப்பு நழுவிப்போனது. எந்த அரசாங்கமும் இதை அறிவிக்கவில்லை, யாரும் கையெழுத்திடவில்லை. நாட்காட்டி தானாகப் புரண்டது. கட்டளையிட்டவரையும் சுட்டவரையும் தொட இன்று மிச்சமிருப்பது கொலைக் குற்றச்சாட்டு ஒன்றுதான்.

அதைத் தொடுவதானால் செய்ய வேண்டியவை ஓரளவு தெரிந்தவை. உடலாகம ஆணைக்குழுவின் சாட்சியப் பதிவுகளில் ஊடகவியலாளர் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று தேடி எடுக்க வேண்டும். சவச்சாலைப் படங்களின் மூலக் கோப்புகள் பத்திரிகை அலுவலகத்திலோ குடும்பத்திடமோ இருந்தால், அவற்றில் பதிந்துள்ள திகதி நேரத் தரவோடு கைப்பற்றிப் பாதுகாக்க வேண்டும். போர்க்காலத்தில் தாக்கப்பட்ட அலுவலகங்களின் பழைய வன்தட்டுகள் எந்நேரமும் செயலிழக்கலாம். அன்றைய ஆசிரியபீடத்தில் படங்களைப் பெற்றவர்களிடம் வாக்குமூலம் எடுக்க வேண்டும், அவர்களுக்கும் வயதாகிறது. எல்லாவற்றுக்கும் முன்பாக, ஜனவரி 2 கோப்பையும் ஜனவரி 24 கோப்பையும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் ஒரே அதிகாரியின் மேசையில் வைக்க வேண்டும். அந்த உத்தரவைப் பெற்றுக்கொடுக்கக்கூடிய கையொப்பம் கொழும்பு புதுக்கடையில், சட்டமா அதிபர் திணைக்களத்தில் இருக்கிறது.